ரச்சி

வருடாந்த மதிப்பீட்டுப் படிவத்தில்
'குறைபாடுகள்' என்ற பெட்டிக்குள்
பணிப்பாளர் ஒரேயொரு ஆங்கிலச் சொல் எழுதியிருக்கிறார்,
பச்சை மையில்.

படிவம் மும்மொழியில் இருக்கவேண்டும்.
காசு தருகிறவர்களின் விதி.
தமிழ் நிரலை நிரப்புவது மொழிபெயர்ப்பாளர்.
மொழிபெயர்ப்பாளர் நான்.
படிவமும் என்னுடையது.

ட இங்கே சொல்லின் தலையில் ஏறாது.
ரீச்சர், ரிக்கற், ரயர் என்று பழகிய கை
ரச்சி என்று எழுதிப் பார்த்தது.
அச்சுவேலிப் பக்கத்தில் யாரோ பெட்டையைச்
செல்லமாகக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

அகராதி சொன்னது: எளிதில் புண்படுகிற.
அதன் கீழே இன்னொரு பொருள்:
கவனமாகக் கையாளவேண்டிய விடயம்.
சொல்லின் வயிற்றுக்குள்
தொடு என்ற வினை சுருண்டு கிடப்பதை
அகராதி சொல்லவில்லை.

பணிப்பாளர் கூடாத மனிசன் இல்லை.
லண்டனை விட்டுப்போட்டு வந்தவர்.
சமத்துவம் பற்றி அவர் ஆற்றிய உரைகளில்
இருபத்தேழை நான்தான் தமிழாக்கினேன்.
கோண்டாவிலில் அவர் வீடு குடிபுகுந்த அன்று
கந்தோர் முழுவதும் வானில் போனோம்.
ஞானறூபிக்கு எவர்சில்வர்.
கணக்காளருக்கு எவர்சில்வர்.
சாரதி குகதாசனுக்கும், வழியில் ஏறிய அவன் மச்சானுக்கும்.
எனக்கும் கூட்டித் துடைக்கிற இராசமலருக்கும்
கடதாசிக் கோப்பை.

"தம்ளர் முடிஞ்சுது பிள்ளை" என்றார் மாமியார்.
அவருக்குப் பின்னால் அலுமாரிக் கண்ணாடிக்குள்
பத்துப் பதினைந்து கவிழ்ந்து கிடந்தன.
"உதில ஒண்டைத் தாங்கோவன்."
அவ்வளவுதான் சொன்னேன்.
குரல் உயரவில்லை.
இராசமலர் நிலத்தைப் பார்த்தாள், அந்தப் புது மாபிளை.
தம்ளர் வந்தது. தேத்தண்ணியும் திறம், இஞ்சி போட்டது.

திங்கட்கிழமை பணிப்பாளர் சிரித்தார்.
"இந்தக் காலத்தில ஆர் உதெல்லாம் பாக்கினம்?"
இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும்
முதல்நாளே என்னிடம் வேறொன்று கேட்டவர்கள்:
ஊர் எது? ஊரில எவடம்?
எவடத்தில எந்தக் கோயிலடி?

சரி, சொல்லுக்கு வருவோம்.

தொட்டாற்சுருங்கி என்று போடலாம்.
ஆனால் அது தொட்டால் சுருங்குகிற பூண்டு.
என் பிரச்சினை தொட்டது இல்லையே.
நான் சுருங்கவும் இல்லை, தம்ளர் கேட்டேன்.

எளிதில் புண்படுபவர் என்று போடலாம்.
அந்த 'எளிதில்' எனக்குச் சரிவரவில்லை.
நாற்பத்தொரு வயது எடுத்திருக்கிறது.

ரோசம் என்றொரு சொல் இருக்கிறது.
இந்த ஊரில் ஆளை ஆகக் கேவலமாக ஏசுவதென்றால்
ரோசங்கெட்டது என்பார்கள்.
கதியால் ஒரு சாண் தள்ளி நட்டதற்காக
இருபது வருடம் கோடேறின வீடுகளை எனக்குத் தெரியும்.
கலியாணக் காட்டில் தகப்பன் பெயருக்கு முன்னால்
திரு விடுபட்டதற்காகச்
செத்தவீட்டுக்கும் போகாமல் விட்டவர்களைத் தெரியும்.
அவர்களுக்கு ஆரும் பச்சை மையில் எழுதவில்லை.
அவர்களுடையது மானம்.
என்னுடையது பெட்டிக்குள் எழுதுகிற குறை.

தட்டினேன்:
ரோசக்காரி.

பணிப்பாளர் தமிழ் நிரலை வாசிப்பதில்லை.
ஒப்பம் வைத்தார். தாங்ஸ் என்றார்.

சிங்கள நிரல் கொழும்பில் நிரப்புவது.
அங்கேயிருந்து துஷாரி கேட்டு அனுப்பியிருக்கிறாள்:
அக்கா, தமிழில் நீங்கள் போட்ட இந்தச் சொல்
பழிப்பா, புகழ்ச்சியா?

நாலு நாளாகிறது.
நான் இன்னும் பதில் போடவில்லை.